கிளினிக் நாளில் வராத பிள்ளை



சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறோம். தரம் 8இல் ஒரு பிள்ளை. மாதத்தில் ஒரு நாள் கட்டாயம் வராது. அது உம்மாவின் கிளினிக் நாள் என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. ஊசி போட மாத்தளைக்குக் கூட்டிப் போவது அந்தப் பிள்ளைதான். யாரும் கேட்டால் “உம்மாவுக்குச் சீனி வருத்தம்” என்று சொல்லும்படி வீட்டில் பழக்கியிருக்கிறார்கள். வகுப்பில் பிள்ளைகள் “அங்கொடை கேஸ்” என்று ஒருவரையொருவர் திட்டுவதை இன்றும் கேட்கிற நாங்கள், அந்தப் பொய்யை எப்படிக் கண்டிப்பது?

எங்கள் மூத்தம்மாமார் காலத்தில் மனநோய் என்றால் அங்கொடைதான். சுனாமிக்குப் பிறகு, 2005இல் வந்த மனநலக் கொள்கை அதை மாற்றப் பார்த்தது. வைத்தியம் மாவட்ட ஆஸ்பத்திரிக்கும் கிராமப்புறக் கிளினிக்குக்கும் வரவேண்டும், நோயாளி வீட்டிலிருந்தே தேற வேண்டும் என்றது. விசேட வைத்தியர்கள் போதாததால், மற்ற டொக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து மனநல வைத்திய அதிகாரிகளாக அனுப்பினார்கள். நல்ல மாற்றம், அதில் சந்தேகமில்லை.

ஆனால் வீட்டில் பார்க்க ஆள் இருக்கிறது என்று நம்பிப் போட்ட திட்டம் அது. வாப்பா கட்டாரில், நானா கடையில் என்றால், ஆஸ்பத்திரி பார்த்த வேலை பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் விழுகிறது. 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. பஸ் காசும் ஏறியது. ரத்தோட்டை, கம்மடுவைப் பக்கத்து மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்கு அன்றைய கூலியும் போய்விடும். மருந்து தவறினால் வருத்தம் திரும்பும். திரும்பினால் ஊரார் “ஜின் பிடிச்சிருக்கு” என்பார்கள்.

ஓதிப் பார்ப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை, நாங்களும் ஓதுகிறவர்கள்தான். மருந்து செய்யச் சொன்னதும் நம் நபி (ஸல்) அவர்கள்தானே. 1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் கட்டிய ஆஸ்பத்திரியில் மனநோயாளர்களுக்கென்றே தனி இடம் இருந்தது. ஊசியை நிறுத்திவிட்டு ஓதின தண்ணியை மட்டும் குடிக்கக் கொடு என்கிறவரோடுதான் எங்களுக்குக் கோபம்.

கிட்னி ஒப்பரேஷன் என்றால் ஜும்ஆ முடிந்ததும் பள்ளி வாசலில் துண்டு விரிக்கிறோம், பெரிய தொகை சேர்கிறது. இதற்குத் தேவை மாதம் ஒரு தரம் இரண்டு பேருக்கு பஸ் காசு, கூடப் போக ஒரு ஆள். ஆனால் வாய் திறந்து கேட்க வீட்டாருக்கு வெட்கம். ஸகாத் நிதியிலிருந்து, பெயரை அறிவிக்காமல், இந்தச் செலவைக் கொடுக்கலாமே என்று பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். வரும் வெள்ளிக்கிழமை கொடுக்கப்போகிறோம்.

கூடப் போக நாங்களே தயார். கிளினிக் நடப்பது பாடசாலை நாளில், அதுதான் சிக்கல். பகலில் வீட்டிலிருக்கிற சாச்சிமார், மாமிமார் யாராவது முறை வைத்துப் போக முடியுமென்றால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், பெயர் வெளியே வராது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்து, யாரிடம் கேட்பதென்று தெரியாமல் இருந்தால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள்.