கேமரா அப்புறம், முதல்ல மைக்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

தைப்பூசமோ கும்பாபிஷேகமோ, இப்போ நம்ம பினாங்கு கோவில்கள்ல நாலஞ்சு பேராவது கேமராவோட நிக்கிறாங்க. நல்ல விஷயம்தான். படம் கண்ணாடி மாதிரி இருக்கு, அலங்காரத்துல ஒவ்வொரு பூவும் தெரியுது. ஆனா சத்தம்? ஐயா தேவாரம் பாடுறார், நமக்குக் கேட்கிறது காத்தாடி ஓசை. பின்னால ரெண்டு பேர் கார் எங்க நிறுத்துனோம்னு பேசுறது தெளிவா கேட்குது, பதிகம் கேட்கல.

என் கருத்து இதுதான். கோவிலுக்கு வீடியோ சாமான் வாங்க நன்கொடை கொடுக்கிற அன்பர்கள், புது கேமராவுக்கு முன்னாடி மைக் வாங்கிக் கொடுங்க.

ஏன்னு சொல்றேன். திருமுறை கண்ட கதை நமக்கெல்லாம் தெரியும். தில்லையில பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தா, ஏட்டுல பெரும் பகுதியைக் கரையான் அரிச்சிருச்சு. மிச்சம் இருந்ததை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். ஆனா கதை அதோட முடியல. எழுத்து கிடைச்சுது, எப்படிப் பாடுறதுன்னு தெரியல. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு அம்மையார்கிட்ட கேட்டுத்தான் பண் அமைச்சாங்கன்னு புராணம் சொல்லுது. பண் ஏட்டுல இல்லை, ஒருத்தர் குரல்ல இருந்துச்சு.

இன்னைக்கும் அப்படித்தான். பாட்டுப் புத்தகம் எல்லார் கையிலும் இருக்கு, போன்லயும் இருக்கு. எந்த இடத்துல இழுக்கணும், எங்க நிறுத்தணும்ங்கிறது நம்ம கோவில்ல பாடுற பெரியவங்க தொண்டையில இருக்கு. அவங்க வயசை நான் சொல்ல வேண்டியதில்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-ல மறைஞ்சார். அவர் தோடியை இன்னைக்கும் கேட்கிறோம். இசைத்தட்டுல படமா இருந்துச்சு? சத்தம் இருந்துச்சு, அது போதும்.

சரி, கேமராவுல ஏற்கனவே மைக் இருக்கே, அது போதாதான்னு கேட்பீங்க. அந்த மைக் கேமரா நிக்கிற இடத்துலதான் கேட்கும். கேமரா ஜூம் பண்ணி சாமி முகத்தைப் பக்கத்துல கொண்டு வரலாம், காது அப்படி ஜூம் ஆகாது. திறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் குறையும். மண்டபத்துக்குள்ள குரல்தான் குறையுது, சுவர்ல பட்டுத் திரும்புற எதிரொலி அப்படியே இருக்கு. அதனாலதான் தூரத்துல எடுத்தா கிணத்துக்குள்ள பாடுற மாதிரி கேட்குது. விலை கூடின கேமராவும் இதை மாத்தாது. மைக்கைப் பாடுறவர் பக்கத்துல கொண்டு போறதுதான் வழி.

ஒருத்தர் பாடுறாரா, சட்டையிலயோ துண்டுலயோ குத்துற சின்ன மைக், நெஞ்சு உயரத்துல. நாதஸ்வரம், தவிலா, கொஞ்சம் தள்ளி ஸ்டாண்டுல ஒரு மைக். நாதஸ்வரத்தோட வாய்க்கு நேரா வைக்காதீங்க, அடிச்சுப் போட்டுரும். நீட்டு மைக் ஒண்ணு இருக்கு, நேரா பார்க்கிற பக்கத்துச் சத்தத்தை அதிகமா எடுக்கும். அது வெளிய நல்லது, கல் மண்டபத்துக்குள்ள அவ்வளவு உதவாது.

வாங்கும்போது ஒண்ணு பாருங்க. போன் மைக் பிளக்குல மூணு கறுப்பு வளையம் இருக்கும், கேமரா மைக்ல ரெண்டுதான். மாத்திச் சொருகினா சரியா வேலை செய்யாது. கோவில் ஒலிபெருக்கி மிக்சர்ல இருந்து நேரா கேமராவுக்கு வயர் இழுக்கிறவங்களும் கவனிங்க. அந்த சிக்னல் மைக் சிக்னலை விடப் பல மடங்கு பெருசு. நடுவுல குறைக்கிற வயர் இல்லைன்னா முழுக்கக் கரகரன்னுதான் வரும்.

அடுத்து, கேமராவுல ஆட்டோ சவுண்டை நிறுத்துங்க. தவில் அடிச்சதும் அது எல்லாத்தையும் அமுக்கும், பாட்டு நின்னதும் காத்தாடி சத்தத்தைத் தூக்கும். நீங்களே லெவல் வைங்க, பெரிய சத்தம் மைனஸ் 12 பக்கத்துல நிக்கட்டும். வயர்லெஸ் மைக்ல இரைச்சல் குறைக்கிற பட்டன் இருந்தா அதையும் அணைச்சிடுங்க. ஒரே சீரா ஒலிக்கிற சுருதிப் பெட்டியை அது இரைச்சல்னு நினைச்சு அழிச்சிரும்.

ஃபேக்டரியில லைன் ஓட்டுறதுக்கு முன்னாடி முதல் பீஸை எடுத்து செக் பண்ணாம விடமாட்டோம். இங்கயும் அதே கதைதான். ஹெட்போன் போட்டு ஒரு நிமிஷம் கேட்டுட்டு அப்புறம் எடுங்க. கும்பாபிஷேகத்தை மறுநாள் திரும்ப நடத்த முடியாது.

ரத ஊர்வலம் தனிக் கதை. வெள்ளி ரதம் நூறு வருஷத்துக்கு மேல ஓடுது, 2017-ல தங்க ரதமும் சேர்ந்துச்சு. லிட்டில் இந்தியாவுல இருந்து தண்ணீர்மலை வரைக்கும் ஜெனரேட்டர், தண்ணீர்ப் பந்தல் ஸ்பீக்கர், தேங்காய் உடைக்கிற சத்தம். அதுவும் தைப்பூசம்தான், அதை எடுக்க வேணாம்னு நான் சொல்லல. ஆனா அங்க போய் தேவாரத்தைத் தேடாதீங்க. மலை மேல காத்து அடிக்கும், மைக்குக்கு ரோமத் தொப்பி கட்டாயம் போடுங்க.

"சாமி கும்பிடுற இடத்துல வயரும் மைக்கும் எதுக்கு, பக்தி மனசுல இருந்தா போதாதா"ன்னு சில பெரியவங்க கேட்கிறாங்க. அந்தக் கேள்வியில நியாயம் இருக்கு. கர்ப்பக்கிரகம் பக்கம் வயர் போகக் கூடாது, குருக்கள்கிட்ட கேட்காம எதையும் வைக்கக் கூடாது. ஆனா யோசிச்சுப் பாருங்க. துண்டுல குத்தின சின்ன மைக் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. மறைக்கிறது, இடிக்கிறது எல்லாம் கேமரா தூக்கிட்டு முன்னால ஓடுற நாமதான். மைக் பக்கத்துல இருந்தா கேமரா பின்னாலயே நிக்கலாம்.

அதனால ஒவ்வொரு கோவில் நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். திருவிழா வரைக்கும் காத்திருக்காதீங்க. கூட்டம் இல்லாத ஒரு சாயங்காலம், பாடுற ஐயாவையோ அம்மாவையோ மரியாதையா உட்கார வைங்க. காத்தாடியை நிறுத்துங்க. மைக்கை ஒரு அடி தூரத்துல வைங்க. முதல்ல அவங்க பேர், தேதி, என்ன பதிகம், என்ன பண், யார்கிட்ட படிச்சாங்கன்னு அவங்க வாயாலயே சொல்லட்டும். அப்புறம் பாடட்டும். ரெண்டு காப்பி எடுத்து ரெண்டு இடத்துல வைங்க. வாட்ஸ்அப்ல மட்டும் வைக்காதீங்க, போன் மாத்தினா போயிரும்.

உங்க கோவில்ல அப்படிப் பாடுறவங்க இருந்தா கீழ கோவில் பேரைப் போடுங்க. லீவு நாள்ல நானே மைக் எடுத்துட்டு வர்றேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!