பேரை விடு மாப்ள, மத்ததைக் கேளு

2025 ஜூலை மாசக் கடைசி. ஹாஸ்டல் மெஸ்ஸில் ராத்திரிச் சாப்பாடு. "இந்தியா டீம் கோச் வேலைக்கு ஷாவி அப்ளை பண்ணியிருக்காரு"ன்னு போனில் ஒரு செய்தி. ஆமா, பார்சிலோனா ஷாவிதான். தட்டில் தோசை ஆறிப்போச்சு. அடுத்த ரெண்டு நிமிஷத்தில் அதை நான் நாலு குரூப்புக்கு அனுப்பிட்டேன். நீங்களும் அனுப்பியிருப்பீங்க, மறைக்காதீங்க.

அந்தச் சூடு ஆறுறதுக்குள்ளேயே அகில இந்திய கால்பந்து சம்மேளனம் விளக்கம் கொடுத்தது. ஷாவி பேரிலும் பெப் கார்டியோலா பேரிலும் வந்த மெயில்கள் உண்மையானவை இல்லையாம். அப்புறம், ஷாவி மெயிலை அனுப்பினது நான்தான்னு பத்தொன்பது வயசு காலேஜ் பையன் ஒருத்தர் சொன்னதாகவும் செய்தி வந்தது. நம்ம செட்டு!

ஆகஸ்ட் 1-ம் தேதி நிஜமாகவே பயிற்சியாளர் ஆனவர் காலித் ஜமீல். மிசோரத்தின் ஐஸால் எஃப்சி-யை 2016-17 ஐ-லீக் சாம்பியன் ஆக்கிக் காட்டியவர். அவர் பேருக்கு எங்க மெஸ்ஸில் ஒரு தோசைகூட ஆறவில்லை.

அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சது. நாம கோச்சைப் பத்திப் பேசுறதா நினைச்சுக்கிட்டு பேரைப் பத்தி மட்டும்தான் பேசிக்கிட்டு இருக்கோம். அடுத்த படத்துக்கு ஹீரோ யாருன்னு பேசுற மாதிரி.

நம்ம சென்னையின் எஃப்சி-யையே எடுத்துக்கோங்க. 2020-21 சீசனில் கோச் சபா லாஸ்லோ. ஹங்கேரிக்காரர். 11 அணிகளில் 8-வது இடம். அடுத்த வருஷம் மான்டெனேக்ரோவில் இருந்து பாண்டோவிச். சீசன் முடியறதுக்குள்ளேயே அவரையும் அனுப்பியாச்சு. 8-வது இடம். 2022-23-ல் ஜெர்மனிக்காரர் தாமஸ் பிர்டாரிச். எந்த இடம்னு நினைக்கிறீங்க? அதே 8. மூணு வருஷம், மூணு தேசம், மூணு பாணி, ஒரே இடம். ஒவ்வொரு தடவையும் புதுப் பேர் அடிபடும்போது "இந்த வருஷம் கப் நமக்குத்தான்"னு கத்தினதில் என் குரலும் உண்டு.

"அப்போ கோச்சே முக்கியம் இல்லையா?"ன்னு ரூம்மேட் சண்டைக்கு வந்தான். நியாயமான கேள்விதான். ஓவன் கோயலை மறக்க முடியுமா? 2019 டிசம்பரில் அவர் வந்தப்போ டீம் பட்டியலின் அடியில் கிடந்தது. ஏற்கெனவே இருந்த பசங்களை வச்சே 2020 மார்ச்சில் ஃபைனல் வரைக்கும் கூட்டிட்டுப் போனார். அந்த ஃபைனலில் ஏடிகே-விடம் 1-3 என்று தோற்றோம், அது வேற விஷயம். ஆக, நல்ல கோச் ஒரு டீமைத் தூக்கி நிறுத்துவார். ஒத்துக்கிறேன்.

ஆனா அதே கோயல் 2023-ல் திரும்பி வந்தார். முதல் சீசனில் ப்ளேஆஃப் போனோம். அடுத்த சீசனில், அதாவது 2024-25-ல், 13 அணிகளில் 11-வது. ஜான் கிரிகரியும் அப்படித்தான். 2017-18-ல் சாம்பியன், 2018-19-ல் கடைசி இடம். ஆள் மாறவில்லை. அவருக்குக் கீழே இருந்த டீம், காசு, திட்டம் எல்லாம் அப்படியே இருந்ததா? இதை நாம கேட்கவே இல்லை.

2025 சூப்பர் கப்புக்கு முன்னாடி கிளிஃபோர்ட் மிராண்டா பேர் வந்தப்போ எங்க ஹாஸ்டல் ரெண்டாப் பிரிஞ்சது. "ஃபாரின் கோச் கிடைக்கலையா?"ன்னு ஒரு பக்கம். "கோவாக்காரர், இந்தியாவுக்கு ஆடினவர், 2023-ல் ஒடிசாவுக்கு சூப்பர் கப் வாங்கிக் கொடுத்தவர், வேற என்னடா வேணும்?"னு இன்னொரு பக்கம். விடிய விடிய விவாதம். ஆனா அப்போ ஐஎஸ்எல் சீசனே நடக்குமான்னு யாருக்கும் தெரியாது. சம்மேளனத்துக்கும் லீகை நடத்தின நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தச் சிக்கலில் ஜூலையிலேயே எல்லாம் நின்னு போயிருந்தது. வழக்கமா செப்டம்பரில் தொடங்குற சீசன் 2026 பிப்ரவரியில்தான் தொடங்கியது. டீசல் இல்லாத விசைப்படகுக்கு டிரைவர் யாருன்னு கரையில் நின்னு சண்டை போட்டிருக்கோம்.

இன்னொண்ணு சொல்றேன். பாண்டோவிச் போனதும் மீதி மேட்சுகளுக்குப் பொறுப்பேற்றவர் சபீர் பாஷா. தமிழ்நாட்டுக்காரர், இந்தியாவுக்கு ஆடியவர், சென்னையின் கிளப்பில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். எங்க ஹாஸ்டலில் எத்தனையோ "ட்ரீம் கோச்" லிஸ்ட் போட்டிருக்கோம். ஒண்ணிலும் அவர் பேர் இல்லை. வேண்டாம்னு யோசிச்சு விடலை. ஞாபகமே வரலை. அதுதான் எனக்கு அசிங்கமா இருக்கு.

அதனால அடுத்த தடவை ஒரு பேர் அடிபட்டா மூணு கேள்வி கேளுங்க. ஒண்ணு, செய்தியை யார் சொன்னது? கிளப்பா, இல்ல எவனோ ஒருத்தனா? ரெண்டு, வர்றவருக்கு எத்தனை வருஷம் கொடுக்கப் போறாங்க, எந்த ஆட்டக்காரர்களைக் கொடுக்கப் போறாங்க? மூணு, நம்ம ஊர்ப் பசங்க எத்தனை பேர் அவர் கையால் பெரிய டீமுக்குள்ள வருவாங்க? இதுக்குப் பதில் தெரியாம "வெல்கம் தலைவா" போஸ்டர் டிசைன் பண்ண வேண்டாம்.

மூணாவது கேள்வி நமக்கு ரொம்பப் பக்கம். பாம்பன் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கிற வரைக்கும், ரெண்டு வருஷத்துக்கும் மேல, சென்னையில் மேட்ச் பார்க்கணும்னா தீவில் இருந்து மண்டபம் வந்துதான் ரயில் ஏறணும். அப்படியும் போய்ப் பார்த்த கூட்டம் நாம. ஆனா தங்கச்சிமடத்தில் எங்க தெருப் பசங்களுக்கு சாயங்காலம் மணலில் ஃபுட்பால் சொல்லித் தர்ற அண்ணன் ஒருத்தர் இருக்கார். கடலுக்குப் போறவர். மீன்பிடித் தடைக்காலம் வந்தா அந்த 61 நாளும் தினம் வருவார். மத்த நாளில் படகு கரையில் இருந்தா வருவார். சம்பளம் கிடையாது. விசில் மட்டும் உண்டு.

போன லீவில் அவர் என்கிட்ட கேட்டார்: "தம்பி, கோச்சுக்கு டி லைசென்ஸ்னு ஒண்ணு இருக்காமே, அதுக்கு எங்க எழுதிப் போடணும்?"

ஷாவியோட பாஸிங் பாணியைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுவேன். இதுக்கு எனக்குப் பதில் தெரியலை. "பார்த்துச் சொல்றேண்ணே"ன்னு வந்துட்டேன். வதந்தியை நாலு குரூப்புக்கு அனுப்ப ரெண்டு நிமிஷம் ஆச்சு. அவருக்காக அந்த விவரத்தைத் தேட எனக்கு மூணு வாரம் ஆச்சு. இப்போ ஃபார்ம் கையில் இருக்கு. இந்த சனிக்கிழமை ஊருக்குப் போறேன்.

உங்க தெருவில் விசில் ஊதுறவர் யார்னு நீங்களும் ஒரு தடவை போய்ப் பாருங்க.