கிரீன்லாந்தும் நம்ம கீழூரும்

2019-லயும் 2025-லயும் கிரீன்லாந்து வேணும்னு டிரம்ப் கேட்டாரு. உடனே எல்லாரும் கனிமம், ராணுவம்னு பேச ஆரம்பிச்சாங்க. மனுஷங்களைக் காணோம்!

21 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல. ஐந்துல நாலு பங்கு பனி. ஓரங்கள்ல சுமார் 57,000 பேர், பெரும்பாலும் இனுயிட் மக்கள். ஏற்றுமதின்னா மீனும் இறாலும்தான். அரசாங்கம் நடத்த டென்மார்க் மானியமும் வேணும்.

"மானியம் வாங்குறவனுக்கு என்ன பேச்சு?"ன்னு ஆபீஸ்ல ஒரு நண்பர் கேட்டார். மத்திய அரசு நிதி நம்ம புதுச்சேரியும்தான் வாங்குது சாமி :-)

1954 அக்டோபர் 18, வில்லியனூர் பக்கத்துல கீழூர். 178 பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டாங்க. 170 பேர் இந்தியாவோட இணையணும்னாங்க. அப்புறம்தான் நவம்பர் 1-ல நிர்வாகம் கைமாறுச்சு. பாரிசும் டெல்லியும் மட்டும் பேசி முடிச்சிருந்தா நாம ஒத்துக்கிட்டிருப்போமா?

2009 சட்டப்படி, விடுதலை வேணுமான்னு முடிவு பண்ற உரிமை கிரீன்லாந்து மக்களுக்குத்தான். விலை பேசுறவங்க முதல்ல அதைப் படிக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க மக்களே?