எழுநூறு வருஷத்துப் புல்தரை

மாங்காய்த் தொக்கு பற்றிக் கேட்டு எழுதிய சகோதரிகளுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன். இன்று உங்களை ஒரு புல்தரைக்கு அழைத்துப் போகப் போகிறேன். மிளகாய்ப் பொடிக்கு அங்கே வேலை இல்லை!

2022 ஜூன் மாதம் பெண்ணின் பிரசவத்துக்காக இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் போயிருந்தேன். டைட்டானிக் கப்பல் 1912-ல் கிளம்பிய துறைமுகம். பேரன் சுகமாகப் பிறந்தான். பத்திய லேகியம், பூண்டுக் குழம்பு என்று என் சமையலும் அமர்க்களப்பட்டது. ஆனால் பெண் முகத்தில்தான் களையே இல்லை. பால் கொடுத்துக் கொண்டே கண்ணீர் விடுவாள். "என்னடி?" என்றால் "ஒண்ணுமில்லேம்மா" என்பாள்.

நான் முதலில் திருஷ்டி என்று நினைத்து உப்பு சுற்றிப் போட்டேன். உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்? வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ்தான் விளக்கினாள். பிள்ளை பெற்ற முதல் சில நாள் இப்படி அழுகை வருவது சகஜம்; இரண்டு வாரத்தைத் தாண்டியும் நீடித்தால் டாக்டரிடம் காட்டியே தீர வேண்டும் என்றாள். இவளுக்கு மூன்றாவது வாரம். டாக்டரிடம் போனோம். பேசுவதற்கு ஓர் ஆலோசகரை ஏற்பாடு செய்தார். தினமும் கொஞ்சம் வெளிக்காற்றில் நடக்கவும் சொன்னார். "பச்சை உடம்போடு வெளியே போகலாமா?" என்று வாய் வரை வந்ததை விழுங்கிக் கொண்டேன்.

அப்படித் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு நடந்த ஒரு சாயங்காலம்தான், பழைய கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் அந்தப் புல்தரையைப் பார்த்தேன். பச்சைப் பட்டை விரித்த மாதிரி இருந்தது. வெள்ளை உடுப்பில் சில பெரியவர்கள் குனிந்து குண்டு உருட்டிக் கொண்டிருந்தார்கள்.

அதுதான் சவுத்தாம்ப்டன் பழைய பௌலிங் கிரீன். 1299-லிருந்து இருக்கிறதாம்! உலகத்தில் இன்றும் ஆட்டம் நடக்கும் புல்தரைகளில் மிகப் பழையது என்று இதைத்தான் சொல்கிறார்கள். நடுவில் எட்டாம் ஹென்றி ராஜா 1541-ல் ஒரு சட்டம் போட்டார். கைத்தொழில் செய்கிறவர்களும் வேலைக்காரர்களும் கிறிஸ்துமஸ் சமயம் தவிர இந்த ஆட்டம் ஆடக் கூடாது, ஆடினால் அபராதம். வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டுக் குண்டு உருட்டப் போய்விடுவார்கள் என்ற பயம்! அந்தத் தடை முழுசாக விலக 1845 ஆயிற்று.

இந்தக் கிளப்பில் ஒரு வேடிக்கையான போட்டி உண்டு. 1776-லிருந்து வருஷா வருஷம் ஆகஸ்டில் நடக்கிறது. 'ஜாக்' என்கிற சின்னப் பந்தை ஒரு பென்னிக் காசின் மேல் வைப்பார்கள். இடம் பிசகாமல் இருக்கத்தான் காசு. அதை ஒட்டிக் குண்டை உருட்ட வேண்டும். முதலில் ஏழு புள்ளி எடுப்பவருக்கு 'நைட்' பட்டம். அதற்கப்புறம் கிளப்பில் அவரை 'சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ராணி கொடுக்காத பட்டம், புல்தரை கொடுத்த பட்டம்! ஒரு தரம் ஜெயித்தவர் மறுபடி போட்டியிட முடியாது. உயரத் தொப்பியும் வால் கோட்டுமாக நின்று அடுத்தவர்களுக்கு அளந்து கொடுப்பதுதான் அவர் வேலை. நல்ல ஏற்பாடு. நம் மாதர் சங்கத்துக் கோலப் போட்டியிலும் கொண்டுவரலாம், ஒரே மாமி பத்து வருஷமாகப் பரிசு வாங்குகிறார்.

'சர்', 'கனவான்' என்று எல்லாமே ஆண்கள் பெயராக இருக்கிறதே என்று எனக்குக் குறை. இங்கிலாந்துப் பெண்கள் 1931-லேயே தங்களுக்கென்று தனிச் சங்கம் ஆரம்பித்துக் கொண்டார்கள். ஆண்கள் சங்கமும் அதுவும் ஒன்றாகச் சேர்ந்தது 2008-ல்தான்.

ஆகஸ்ட் 2-ஆம் தேதி, காமன்வெல்த் போட்டி. லெமிங்டன் ஸ்பா என்ற ஊரில் நம் பெண்கள் நால்வர் இறுதி ஆட்டம் ஆடினார்கள். லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி டிர்க்கி. நால்வருமே முப்பதைத் தாண்டியவர்கள். லவ்லி ஓட்டக்காரியாக இருந்து அடிபட்டு இதற்கு வந்தவர். நயன்மோனி பளு தூக்கியவர், அவருக்கும் காயம். ரூபா கபடி ஆடியவர். பிங்கி டெல்லியில் பள்ளிக்கூட விளையாட்டு டீச்சர்.

பெண் மடியில் குழந்தையோடு டி.வி. முன் உட்கார்ந்திருந்தாள். 8-2 என்று முன்னால் இருந்தார்கள். தென்னாப்பிரிக்கா விடாமல் ஏறி வந்து 10-8 என்று முந்திவிட்டது. "போச்சு" என்று நான் அடுப்படிக்கு எழுந்தேன். "உட்காரும்மா, முடியலை இன்னும்" என்றாள் அவள். அதற்கப்புறம் எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. 17-10! இந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு முதல் தங்கம்.

அடுத்த ஞாயிறு வேறொரு பூங்காவில், யார் வேண்டுமானாலும் ஆடிப் பார்க்கலாம் என்றார்கள். புல் நசுங்காமல் இருக்கத் தட்டையான செருப்பு வேண்டும், அது என்னிடம் இருந்தது. புடைவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். குண்டு ஒன்றரைக் கிலோ இருக்கும். அது சரியான உருண்டை இல்லை. ஒரு பக்கம் சரிவு அதிகம். அதனால் வேகம் குறையக் குறைய அந்தப் பக்கமாக வளைந்துவிடும். நேராகப் போட்டால் நேராகப் போகாது. பக்கவாட்டிலுள்ள அடையாளம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று ஒரு பாட்டியம்மாள் மூன்று தரம் சொல்லிக் கொடுத்தாள். நானும் மூன்று தரம் தலையாட்டிவிட்டு, மாற்றிப் பிடித்து உருட்டினேன்.

அது அழகாக வளைந்து, அடுத்த வரிசையில் ஆடிக்கொண்டிருந்த கிழவர்களின் நடுவே போய் நின்றது.

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். திரும்பினால் என் பெண்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். பேரன் பிறந்த பிறகு அன்றுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

"அம்மா, குழந்தையைப் பிடி. நான் ஒண்ணு போட்டுப் பார்க்கறேன்" என்றாள்.