ஒரு மாவட்டத்தின் தண்ணீர்க் கணக்கு

கலிபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது இன்யோ மாவட்டம். 4,421 மீட்டர் உயர விட்னி மலையும், கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கும் மரணப் பள்ளத்தாக்கின் அடியும் இங்கேதான். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள் சுமார் 19,000 பேர்.

இங்குள்ள ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் பையூட் பழங்குடியினர் வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்தார்கள். 1863-ல் ராணுவம் அவர்களை விரட்டியது. பலர் திரும்பி வந்தபோது நிலம் வெள்ளையர் கைக்குப் போயிருந்தது. 1905-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்காக சிலர், நோக்கத்தைச் சொல்லாமலே, நிலத்தையும் தண்ணீர் உரிமையையும் வாங்க ஆரம்பித்தார்கள். 1913-ல் கால்வாய் திறந்தது. 1926-க்குள் ஓவன்ஸ் ஏரி வறண்டது.

"காசு கொடுத்துத்தானே வாங்கினார்கள், என்ன தப்பு?" என்று கேட்பவர்கள் உண்டு. விற்றவருக்குக் காசு கிடைத்தது, சரி. முதலில் வாய்க்கால் வெட்டியவர்களுக்கு? ஏரிப் புழுதியைச் சுவாசித்தவர்களுக்கு? அந்தப் புழுதியை அடக்க அதே நகரம் இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருக்கிறது. மலிவு என்று நினைத்த தண்ணீர் கடைசியில் மலிவாக இல்லை.

பத்திரம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அதில் கையெழுத்துப் போடாதவர்களின் நஷ்டத்தையும் கணக்கில் எழுத வேண்டும்.