கடன் மட்டும் போதுமா? கண்டிக் கிராமப் பெண்களின் சுயதொழிலும் நமது கடமையும்

வறிய கிராமப் பெண்களுக்குச் சுயதொழில் வாய்ப்பை ஏற்படுத்திக் கொடுத்தல் என்பது நமது நாட்டில் ஆட்சிகள் மாறினாலும் மாறாத கோஷங்களுள் ஒன்றாகும். தையல் இயந்திரங்களும் கோழிக் கூடுகளும் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. அரசியல்வாதிகளும் தொண்டு நிறுவனங்களின் பிரதிநிதிகளும் மேடையேறி உரையாற்றுகின்றனர். மறுநாள் பத்திரிகைகளில் படங்கள் வெளியாகின்றன. ஆனால் ஓராண்டு கழிந்த பின்னர் அந்த இயந்திரங்கள் ஓடுகின்றனவா, அவற்றைப் பெற்ற குடும்பங்களின் வருமானம் உயர்ந்துள்ளதா என்பதைத் தேடிப் பார்ப்போர் மிகச் சிலரே.

கொழும்பு - கண்டி வீதியில் கடுகண்ணாவையைத் தாண்டிப் பேராதனையை நோக்கிச் செல்லும் எவரும் பிலிமத்தலாவையில் வீதியோரமாக அமைந்துள்ள பித்தளைப் பொருட் கடைகளைக் காணாதிருக்க முடியாது. குத்துவிளக்குகளும் தாம்பாளங்களும் அங்கே மின்னுகின்றன. உல்லாசப் பயணிகள் இறங்கி வாங்கிச் செல்கின்றனர். எம்பெக்க, கடலாதெனிய, லங்காதிலக்க ஆகிய புகழ்பெற்ற வழிபாட்டுத் தலங்களும் அண்மையிலேயே உள்ளன. ஆனால் பிரதான வீதியிலிருந்து விலகிச் சிறு பாதைகளில் ஏறினால் காணப்படும் வாழ்க்கை வேறானதாகும். சிங்களக் கிராமங்கள், முஸ்லிம் குடியிருப்புகள், தேயிலைத் தோட்டங்களின் லயன் அறைகள் என மூவினத்தவரும் அயலவராக வாழும் யட்டிநுவரை, உடுநுவரைப் பிரதேசங்களில், வறுமையின் சுமையைப் பெரிதும் சுமப்பவர்கள் பெண்களே.

இலங்கையில் தொழில் புரியும் அல்லது தொழில் தேடும் பெண்களின் விகிதம், வேலை செய்யும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினைத் தாண்டாத நிலையிலேயே நீண்ட காலமாக இருந்து வந்துள்ளது. ஆண்களைப் பொறுத்தவரை இது மூன்றில் இரு பங்கினை விஞ்சியதாகும். பெண்கள் உழைக்கவில்லை என்பதல்ல இதன் பொருள். விறகு, தண்ணீர், சமையல், பிள்ளைகள், நோயாளிகள், முதியோர் என்று விடியல் முதல் நள்ளிரவு வரை அவர்கள் செய்யும் வேலைக்குக் கணக்குமில்லை, கூலியுமில்லை. கைக்குக் காசு கிடைக்க வேண்டுமாயின் ஆடைத் தொழிற்சாலைக்கோ மத்திய கிழக்கிற்கோ செல்ல வேண்டியுள்ளது. குடும்ப வறுமை காரணமாகச் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக்கிற்கு 2013 ஜனவரியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டபோது நாடே கண்ணீர் வடித்தது. வீட்டு வாசலிலேயே ஒரு கௌரவமான வருமானம் கிடைக்குமாயின் எத்தனை தாய்மார் தம் பிள்ளைகளைப் பிரிந்து விமானமேற வேண்டிய அவசியம் இல்லாது போயிருக்கும் என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

இதற்கான மருந்தாக உலகெங்கும் முன்வைக்கப்பட்டது நுண்கடனாகும். பங்களாதேஷின் ஜோப்ரா கிராமத்தில் 1976இல் பேராசிரியர் முஹம்மத் யூனுஸ் ஆரம்பித்த முயற்சி 1983இல் கிராமீன் வங்கியாக உருப்பெற்றது. 2006இல் அவருக்கும் அவ்வங்கிக்கும் சமாதானத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. பிணை வைப்பதற்கு எதுவுமற்ற ஏழைப் பெண்களை நம்பிக் கடன் கொடுக்கலாம், அவர்கள் திருப்பிச் செலுத்துவார்கள் என்பதை அது நிரூபித்தது. அந்த உண்மையை எவரும் மறுக்க முடியாது. ஆனால் ஏழைப் பெண்கள் ஒழுங்காகத் திருப்பிச் செலுத்துவார்கள் என்பதை அறிந்துகொண்டவர்கள் நல்லெண்ணம் கொண்டோர் மட்டுமல்லர். இலாபம் ஒன்றையே நோக்காகக் கொண்ட நிறுவனங்களும் அதனை அறிந்துகொண்டன.

அதன் விளைவை நம் நாடு கண்டது. யுத்தம் முடிந்த பின்னர் வடக்கு, கிழக்கிலும், வறட்சியால் பாதிக்கப்பட்ட ஏனைய மாவட்டங்களிலும் நுண்கடன் நிறுவனங்கள் வீடு தேடிச் சென்று கடன் வழங்கின. ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன், அதனை அடைக்க இன்னொன்று என்று பெண்கள் சிக்கிக் கொண்டனர். 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் வெளிநாட்டுக் கடன் தொடர்பான சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லவ்ஸ்கி, சில நிறுவனங்களின் உண்மையான வட்டி ஆண்டொன்றுக்கு 200 சதவீதத்தையும் தாண்டியிருந்ததைச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில் அரசாங்கம், வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நிலுவைக் கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. ஆயினும் பிரச்சினை தீரவில்லை. 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் கடனாளிப் பெண்கள் சத்தியாக்கிரகத்தில் அமர வேண்டியேற்பட்டது. 2016ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டம் வைப்புகளை ஏற்கும் நிறுவனங்களையே பிரதானமாகக் கருத்திற் கொண்டிருந்தமையால், கடன் மாத்திரம் கொடுப்போர் பலர் அதன் பிடிக்கு வெளியே நின்றனர்.

இந்த வட்டிக் கணக்கை நமது வாசகர்கள் விளங்கிக் கொள்வது அவசியம். உதாரணமாக, ஒரு பெண் 50,000 ரூபாவை மாதம் 2 சதவீத வட்டிக்கு ஓராண்டுக்குப் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகைக்கும் முழு ஆண்டுக்கும் வட்டி கணக்கிடப்பட்டால் அது 12,000 ரூபா. மொத்தம் 62,000 ரூபாவை 52 வாரங்களில் வாரம் சுமார் 1,192 ரூபா வீதம் செலுத்த வேண்டும். இது ஆண்டுக்கு 24 சதவீதம் என்று அவருக்குச் சொல்லப்படும். ஆனால் முதல் வாரம் தொட்டே அவர் முதலைத் திருப்பிக் கொடுத்து வருகிறார். ஆறு மாதம் கழியும்போது அவரது கையில் இருப்பது கடனில் ஏறத்தாழப் பாதி மட்டுமே. வட்டியோ முழுத் தொகைக்கும் அறவிடப்படுகின்றது. எனவே உண்மையான ஆண்டு வட்டி 40 சதவீதத்தைத் தாண்டிவிடுகின்றது. எந்தச் சிறு வியாபாரம் இத்தகைய இலாபத்தைத் தரும்? அதுமட்டுமன்றி, மிளகுச் செடி வாரந்தோறும் காய்ப்பதில்லை. ஆனால் தவணைக்காரர் வாரந்தோறும் வருகிறார்.

கடன் கழுத்தை நெரிக்கிறதெனில், இலவசமாகப் பணம் கொடுத்தால் போதுமா? இதற்கும் நம் நாட்டிலேயே விடை தேடப்பட்டுள்ளது. பொருளியலாளர்களான சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்ஸி, கிறிஸ்டோபர் வூட்ரப் ஆகியோர் தென்னிலங்கையில் சிறுதொழில் புரிவோருக்கு 10,000 அல்லது 20,000 ரூபா பெறுமதியான உதவியை வழங்கி ஆராய்ந்தனர். ஆண்களின் இலாபம் உயர்ந்தது; பெண்களின் இலாபத்தில் சராசரியாக முன்னேற்றம் காணப்படவில்லை. பின்னர் கொழும்பு, கண்டி நகர்ப்புறங்களில் பெண்களிடையே நடத்திய மற்றோர் ஆய்வின் முடிவுகளை அவர்கள் 2014இல் வெளியிட்டனர். ஏற்கனவே தொழில் நடத்தி வந்த பெண்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்தபோது இலாபம் உயரவில்லை. பயிற்சியுடன் 15,000 ரூபா உதவியும் சேர்த்துக் கொடுத்தபோது ஆரம்பத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. இரண்டாம் ஆண்டில் அது மறைந்து போயிற்று. புதிதாகத் தொழில் தொடங்க விரும்பிய பெண்களிடையே மாத்திரம் பயிற்சி ஓரளவு நிலைத்த பலனைத் தந்தது. அவர்கள் விரைவாகத் தொழிலில் இறங்கினர். அவர்களது இலாபமும் கூடியது. நுண்கடன் தொடர்பாக 6 நாடுகளில் மேற்கொள்ளப்பட்டு 2015இல் ஒருங்கே வெளியிடப்பட்ட ஆய்வுகளும், கடன் பயனளிக்கும், ஆனால் அது தனித்து வறுமையை ஒழிக்காது என்ற முடிவுக்கே வந்தன.

காரணம் பெண்களின் திறமைக் குறைவு என்று யாராவது கருதினால் அது பெரும் தவறாகும். ஒரே கிராமத்தில் இருபது பெண்களுக்குத் தையல் பழக்கினால் இருபது பேரும் ஒரே பாவாடையைத் தைத்து ஒரே அயலவருக்கு விற்க வேண்டியுள்ளது. இடியப்பமும் பலகாரமும் செய்வோரின் நிலையும் அதுவே. வாங்குவோரும் ஏழைகளாக இருக்கும் இடத்தில் விலையைக் கூட்ட முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ கணவனின் கூலி நின்றாலோ தொழிலுக்கென வைத்த முதல் அடுப்படிக்குப் போய்விடும். சந்தை எங்கே என்று கேட்காமல் கொடுக்கப்படும் கடனும் பயிற்சியும் இயந்திரமும் ஓட்டைப் பானையில் ஊற்றிய நீரே.

ஆகவே, பணத்துக்கு முன்னர் சந்தையைப் பற்றிச் சிந்திக்க வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம். கண்டிப் பிரதேச வீட்டுத் தோட்டங்களில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் விளைகின்றன. ஆனால் பெரும்பாலான வீடுகளில் இவை பக்குவப்படுத்தப்படாமலேயே வீட்டுக்கு வரும் தரகரிடம் கைமாறுகின்றன. ஏறத்தாழ மூன்று கிலோ பச்சை மிளகைக் காயவைத்தால் ஒரு கிலோ உலர் மிளகு கிடைக்கும். அதைத் தரம் பிரித்து, சுத்தமாகப் பொதி செய்து, பெயரிட்டு விற்கும்போது கிடைக்கும் மேலதிக வருமானம் இன்று வீட்டுக்காரிக்கன்றி இடைத்தரகருக்கே சேர்கின்றது. ஒரு வீட்டின் மிளகு ஒரு சாக்கையும் நிரப்பாது. ஐம்பது வீடுகளின் மிளகு ஒன்றுசேர்ந்தால் ஏற்றுமதியாளரே தேடி வருவார். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம் பேராதனையில் உள்ளது. விவசாயத் திணைக்களத்தின் உணவு ஆராய்ச்சிப் பிரிவு கன்னொறுவையில் உள்ளது. பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் அருகிலேயே உள்ளது. பிலிமத்தலாவைப் பெண்ணுக்கு இவை யாவும் சில மைல் தூரத்தில் இருந்தும், அவற்றின் வாசலை அவர் மிதிப்பதற்கு வழிகாட்டுவோர் இல்லாமை வேதனைக்குரியதாகும்.

ஒன்றுசேர்தல் என்பது நமக்குப் புதியதொன்றல்ல. 1906ஆம் ஆண்டில், கூட்டுறவுச் சட்டம் வருவதற்கு முன்னரே, இலங்கையின் முதலாவது கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது இதே கண்டி மாவட்டத்தின் தும்பறைப் பகுதியிலாகும். இந்தியாவின் அகமதாபாத்தில் இலா பட் 1972இல் சுயதொழில் பெண்கள் சங்கத்தை அமைத்தபோது, கடன் கொடுப்பதிலிருந்து அவர் தொடங்கவில்லை. முதலில் சங்கம், பின்னர் 1974இல் அப்பெண்களுக்கே சொந்தமான வங்கி, அதன் பின் சேமிப்பு, காப்புறுதி, கூட்டுச் சந்தைப்படுத்தல் என்று படிப்படியாக அது வளர்ந்தது. தும்பறைப் பாய் நெசவை யுனெஸ்கோ நிறுவனம் 2021இல் மனிதகுலத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. கைத்திறனுக்கு உலக மதிப்பு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்த மதிப்பு நெய்யும் கைகளுக்கு வருமானமாக வந்து சேர்கின்றதா என்பதே கேள்வியாகும்.

முஸ்லிம் சமூகத்திற்கு இவ்விடயத்தில் விசேட பொறுப்பு உண்டு. வட்டி விலக்கப்பட்ட ஒன்று என்பதை நாம் பள்ளிவாசல்களில் எடுத்துரைக்கின்றோம். ஆனால் வட்டியில்லாக் கடன் எங்கே கிடைக்கும் என்று ஒரு விதவைத் தாய் கேட்டால் பதில் சொல்ல முடியாமல் நிற்கின்றோம். 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு இஸ்லாமிய வங்கி முறைக்கு வழி பிறந்தபோதிலும், அதன் பயன் பெரிய வர்த்தகர்களை அடைந்த அளவுக்குக் கிராமத்துப் பெண்ணை அடையவில்லை. பாகிஸ்தானில் 2001இல் டொக்டர் அம்ஜத் சாகிப் தொடக்கிய ‘அகுவத்’ அமைப்பு ‘கர்ழ் ஹஸன்’ எனும் அழகிய கடன் அடிப்படையில் வட்டியின்றிச் சிறுதொழிற் கடன்களை வழங்கி வருகின்றது. பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் மக்கள் கூடும் இடமாகப் பயன்படுத்திச் செலவைக் குறைக்கும் அவ்வமைப்பு மத வேறுபாடு பார்ப்பதில்லை. அதன் நிறுவுநருக்கு 2021இல் மக்சேசே விருது வழங்கப்பட்டது. நமது ஊர்களில் ரமழானில் ஸகாத் பணம் சிறு சிறு தொகைகளாகக் கைகளில் திணிக்கப்பட்டுப் பெருநாளுடன் கரைந்து போகின்றது. வாங்கியவரை அடுத்த ஆண்டு கொடுப்பவராக மாற்றுவதே ஸகாத்தின் உயர்ந்த நோக்கம் என்பதை உணர்ந்து, அதில் ஒரு பகுதியையேனும் கூட்டாகத் திரட்டித் தொழில் முதலாக வழங்கப் பள்ளிவாசல் நிருவாகங்கள் முன்வர வேண்டும்.

தோட்டத்துப் பெண்களின் நிலை இன்னும் கடினமானது. பெரும்பாலானோருக்குக் காணி உறுதி கிடையாது. வீடு தோட்டத்துடையது, எனவே வங்கியில் காட்டப் பிணையுமில்லை. பகல் முழுவதும் கொழுந்து பறித்துத் திரும்பும் பெண்ணிடம் மாலையில் பயிற்சி வகுப்புக்கு வருமாறு கூறுவது அவரை ஏளனம் செய்வது போன்றதாகும். காணியுரிமையும் பிள்ளை பராமரிப்பு வசதியும் இன்றி அவர்களுக்குச் சுயதொழில் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

இன்னுமொன்றையும் இங்கு குறிப்பிட வேண்டும். 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் மூண்ட தீ, கண்டி மாவட்ட முஸ்லிம்களின் வீடுகளையும் கடைகளையும் மட்டுமன்றி, அயலவரிடையே நிலவிய நம்பிக்கையையும் எரித்தது. மிளகைக் காயவைப்பதற்கு ஒரே முற்றத்தில் கூடும் சிங்கள, தமிழ், முஸ்லிம் பெண்கள் அந்த நம்பிக்கையை மீளக் கட்டியெழுப்ப வல்லவர்கள். எனவே இத்தகைய சங்கங்கள் ஓர் இனத்துக்கோ ஒரு மதத்துக்கோ உரியவையாகக் குறுகிவிடலாகாது.

அரசாங்கம் செய்ய வேண்டியவை தெளிவானவை. கடன் வழங்கும் எந்த நிறுவனமும் உண்மையான ஆண்டு வட்டியைக் கடனாளியின் தாய்மொழியில் எழுதிக் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பதிவு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அனுமதி, பொதி, விவரச்சீட்டு ஆகியவற்றுக்காகப் பெண்கள் பல நாட்கள் அலைய வேண்டிய நிலையை மாற்றி, தமிழிலும் ஒரே நாளில் முடிக்க வழிசெய்ய வேண்டும். உதவி பெற்ற குடும்பங்களை இரண்டாண்டுகள் வரையேனும் தொடர்ந்து சென்று பார்க்க அலுவலர்களைப் பணிக்க வேண்டும். நன்கொடையாளர்களும் எத்தனை இயந்திரங்கள் கொடுத்தோம் என்பதைவிட, எத்தனை குடும்பங்களின் வருமானம் மூன்றாம் ஆண்டிலும் நிலைத்தது என்பதையே கணக்கிடப் பழக வேண்டும்.

ஏழைப் பெண் கேட்பது தர்மத்தை அல்ல. தனது உழைப்புக்குரிய விலையையே. அதனைப் பெற்றுக் கொடுப்பதற்குத் தேவையான மண்ணும் அறிவும் நிறுவனங்களும் இப்பிரதேசத்திலேயே உள்ளன. அவற்றை ஒன்றிணைக்கும் அக்கறை மட்டுமே குறைவாக உள்ளது. அக்குறையை நீக்குவதற்குச் சமூகத் தலைவர்களும் அதிகாரிகளும் காலந்தாழ்த்தாது செயற்பட வேண்டுமென நாம் கேட்டுக்கொள்கின்றோம்.