முதல் வண்டி சின்னதாகவே இருக்கட்டும்

"வளர்கிற பிள்ளைதானே, கொஞ்சம் பெரிதாகவே வாங்கிவிடுவோம்" என்ற கணக்கு சட்டைக்குச் சரி. மண்பாதையில் ஓட்டும் டர்ட் பைக்குக்கு ஆகவே ஆகாது. ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு முதல் பைக் தேடும் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அல்ல, பிள்ளையின் கால்களை. இருக்கையில் உட்கார்ந்ததும் இரண்டு பாதங்களும் தரையில் பதிய வேண்டும். யமஹா பிடபிள்யூ50 வண்டியின் இருக்கை 50 சென்டிமீட்டர் உயரம்கூட இல்லை. ஹோண்டா சிஆர்எஃப்50எஃப் ஏறக்குறைய 55. நமக்கு அற்பமாகத் தெரியும் அந்த வித்தியாசத்தில்தான் நுனிக்காலில் தடுமாறும் பிள்ளை விழுகிறது. யமஹாவில் கியர் மாற்றவோ கிளட்ச் பிடிக்கவோ வேண்டியதில்லை. கைப்பிடியைத் திருகித் திறக்கும் த்ராட்டில் எவ்வளவு திறக்கலாம் என்பதை ஒரு சிறு திருகாணியால் பெற்றோரே மட்டுப்படுத்தலாம். வண்டியிலேயே முக்கியமான பாகம் அதுதான் என்பேன். ஏனென்றால் பயந்துபோன பிள்ளை கைப்பிடியை விடாது. இன்னும் இறுக்கிப் பிடிக்கும். மணிக்கட்டு பின்னால் மடங்கும், த்ராட்டில் திறக்கும், வண்டி பாயும். சைக்கிளைத் தடுமாறாமல் ஓட்டி, சொன்ன இடத்தில் பிரேக் பிடித்து நிற்கத் தெரியாத பிள்ளைக்கு எந்த பைக்கும் வேண்டாம். பதினாறு வயதுக்குள் இத்தகைய வண்டிகளே கூடாது என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. அதை மீறி வாங்குபவர்கள் ஹெல்மெட், நெஞ்சுக் கவசம், முழங்கால் காப்பு, பூட்ஸ் எல்லாவற்றுக்கும் முதலில் பணம் ஒதுக்கட்டும். மிச்சத்தில் வண்டி வாங்கட்டும். ஓட்டும் நேரம் முழுக்கக் கூடவே நிற்கட்டும். பிள்ளையின் ஆசைக்கு வேகம் இருக்கலாம். பெற்றவர்களின் முடிவுக்கு நிதானம் வேண்டும்.